போதுமக்கா சொன்ன சொல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும்தான் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அவள் போதுமக்கா. அந்தப் பெயரை வைத்தது உருளை மெஷின் என்றே சொல்லலாம். பிழிந்தெடுத்த படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சுருக்கம் போக இழுத்து, ஒரே நேரத்தில் சூடான உருளைக்குள் விட வேண்டும். ஒருத்தி கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலும் விரிப்பு கோணிக்கொண்டு உள்ளே மடிந்துவிடும். அதனால் இருவரில் ஒருத்தி குரல் கொடுப்பாள். மற்ற ஜோடிகள் "சரி" என்பார்கள், "விடு" என்பார்கள். இவள் "போதும்" என்பாள். விரிப்புக்கு மட்டுமா? டீ ஊற்றினால் "போதும்" என்பாள். பக்கத்தில் நிற்பவள் மாமியார் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் அதற்கும் "போதும்" என்பாள். சூப்பர்வைசர் கத்த வந்தால் "போதும் சார்" என்று அவள் சொல்கிற தொனியில், எதற்குக் கத்த வந்தோம் என்பதே அந்த மனுஷனுக்கு மறந்துபோகும்.

வாய்த்த புருஷன் நேர் எதிர். பஸ் நிலையத்தில் மைக் பிடித்து, வருகிற வண்டியையும் போகிற வண்டியையும் அறிவிப்பது அவருக்கு வேலை. வீட்டுக்கு வந்தாலும் மைக் அணையாது. அறிவித்தால்தான் நடந்தது என்பது அவருடைய கட்சி. வண்டி கண்ணெதிரே வந்து நின்று ஜனம் முண்டியடித்து ஏறிக்கொண்டிருக்கும். அவர் அறிவிக்கும்வரை அது வந்ததாகக் கணக்கில்லை. "அப்பா, அம்மா சாப்பாடு எடுத்து வச்சுட்டாங்க. அறிவிச்சுடுங்க, நான் சாப்பிடணும்" என்று மகன் கிண்டல் பண்ணுவான். அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவிப்பார். மூன்று பேர் இருந்த அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

ஒரே மகன். தரைக்கல் விற்கும் கடையில் பெட்டி இறக்கி ஏற்றுகிற வேலை. ஒரு சாயங்காலம் பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றிருக்கிறான். இன்னொருவன், பதினெட்டு முடிந்து பத்தொன்பது நடக்கிற பையன், வண்டியை இடையில் நுழைத்திருக்கிறான். "வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல தம்பி" என்று இவன் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். வாய்ச்சண்டை முற்றி, பங்க் ஆட்கள் விலக்கிவிட்டு, அந்தப் பையன் போய்விட்டான். போனவன் போயே போயிருந்தால் இந்தக் கதை இல்லை. கூட இரண்டு பேரையும், லாரி டயர் கழற்றுகிற ஸ்பேனர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். இவன் அப்போதுதான் பெட்ரோல் போட்டு முடித்து, மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். குனிந்த தலையில் விழுந்தது அடி.

அம்மா வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் மூச்சு இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது, உருளையில் அவளோடு ஜோடி நிற்பவள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுக்கு பிரிக்கிற பக்கம் நீங்க வராதீங்கக்கா. முறை வந்தாலும் நான் பாத்துக்கறேன்" என்றாள். ஏன் என்று போதுமக்கா கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? எல்லா வார்டு விரிப்பும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வரும். ரத்தக்கறைக்கு முதலில் பச்சைத்தண்ணீர், வெந்நீர் பட்டால் கறை தங்கிவிடும் என்பது வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித்தருகிற பாடம். யாரோ ஒருத்தி பாடம் பிசகாமல் பச்சைத்தண்ணீர் விட்டு, அவள் மகனைச் சுத்தமாக அலசியிருப்பாள். அடுத்த நாளே வேறொருவருக்கு அதை விரித்திருப்பார்கள். அதை நினைத்துத்தான் அவள் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். சுடுகாட்டில்கூட அப்படி அழவில்லை.

வழக்கு நடந்தது. கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் உயிரைப் போக்கிய குற்றம் என்று தீர்ந்தது. எத்தனை வருஷம் என்று முடிவு செய்கிற நாளில்தான் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து விழுந்தது.

அன்று காலையிலிருந்தே கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தாள். பெயர் சொல்லி அழைத்த கோர்ட் சிப்பந்தி "இங்க வந்து நில்லும்மா" என்று கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மறந்துபோனான். எதிர்த்தரப்பு வக்கீல் பேசினார்: பையன் சின்னவன், முதல் தப்பு, படிப்பு பாதியில் நிற்கிறது, திருந்த வழி விடுங்கள் என்று. அரசுத் தரப்பில் பேசியவர், டாக்டர் எழுதிய காயங்களை மறுபடி ஒவ்வொன்றாக வாசித்தார். மண்டையோட்டில் இவ்வளவு நீளம், இவ்வளவு ஆழம், இடது காதுக்கு மேலே இன்னொன்று. மகனுடைய இடது காதை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் சீழ் பிடித்து, மருந்து விட விடமாட்டேன் என்று அவன் ஓடி, இவள் துரத்திப் பிடித்த காது. கால் மரத்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து நீதிபதி, நல்ல மனுஷன், வயதானவர், கண்ணாடியை இறக்கிவிட்டுக் கனிவாகக் கேட்டார்: "நீங்க எதாவது சொல்லணுமாம்மா?"

"போதுங்கய்யா" என்றாள்.

இனிமேல் அதை என் காதில் வாசிக்காதீர்கள், என்னை உட்கார விடுங்கள் என்பது அதற்குப் பொருள். சலவைக்கூடத்தில் இருக்கிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நீதிபதிக்குச் சலவைக்கூடம் என்ன தெரியும்? அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். மத்தியானத்துக்கு மேல் தீர்ப்பு வந்தது. "பிள்ளையைப் பறிகொடுத்த தாயே போதும் என்று சொன்ன பிறகு, ஓர் இளைஞனின் எஞ்சிய வாழ்வையும் சேர்த்து அழிக்க இந்த நீதிமன்றம் விரும்பவில்லை." மூன்று வருஷம். விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்தது அதில் கழியும்.

நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். நிறையப் பேசுகிறவர்களுக்காகச் சொன்ன பழமொழி அது. ஆயிரம் சொல் கொட்டுகிறவர்களை எல்லாம் விட்டுவிட்டு, ஒரே ஒரு சொல் சொன்னவளைப் போய்ப் பிடித்துக்கொண்டது. மறுநாள் பேப்பரில், 'போதும் என்றார் தாய்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். கோர்ட் படியில் இறங்குகிற அவளுடைய படத்தைப் போட்டு, கருணை வடிவம் என்று வேறு கீழே எழுதியிருந்தான். கால் வலியில் முகம் கோணியிருந்தது. அது கருணையாகத் தெரிந்திருக்கிறது.

புருஷன் கோர்ட்டில் அவளுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். தன் காதாலேயே கேட்டவர். தீர்ப்பு வந்த அன்றே, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டார்.

"உன்கிட்ட யாருடி போதுமா போதாதான்னு கேட்டா?"

"நான் அப்படிச் சொல்லலைங்க. காயத்தை வாசிச்சுக்கிட்டே இருந்தாங்க. கால் கடுத்துப்போச்சு. உக்கார விட்டா போதும்னு சொன்னேன்."

"பெத்த புள்ளைக்காக ஒரு நாள் கால் கடுக்க நிக்க முடியலையா உனக்கு?"

பையனை மன்னித்தேன் என்றால் பாவி, மன்னிக்கவில்லை என்றால் சோம்பேறி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். மறுநாள் காலையில் அவள் மறுபடி ஒரு தடவை சொன்னாள், இந்தத் தடவை மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. அவர் பேப்பரை எடுத்து முன்னால் போட்டார். "நீதிபதி எழுதியிருக்காரு. பேப்பர்ல வந்திருக்கு. நீ இல்லைங்கறே. நான் யாரை நம்பணும்?"

அன்றோடு அந்த வீட்டு மைக் அணைந்தது. பஸ் நிலையத்தில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வருகிற மனுஷன், வீட்டில் தட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு, தானே கழுவி வைத்துவிட்டு, மகனுடைய அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். அவள் பேச்சில் சிக்கனக்காரிதான். ஆனால் சிக்கனமாக இருக்கவும் எதிரே ஒரு ஆள் பேச வேண்டும் இல்லையா?

வேலை இடத்தில் இரண்டு கட்சி. "உன் மனசு யாருக்கு வரும்!" என்று கும்பிட்டவர்களும் உண்டு. "நானா இருந்தா அங்கேயே அவன் குரல்வளையைக் கடிச்சிருப்பேன்" என்று அவள் காதுபட உருளைச் சத்தத்தை மீறிப் பேசியவர்களும் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒன்று நடந்தது. போதுமக்கா என்று கூப்பிட யாருக்கும் நாக்கு எழவில்லை. "அக்கா" என்று மட்டும் கூப்பிட்டார்கள். விரிப்பை இழுத்துப் பிடிக்கும்போது இவளும் வாயை மூடிக்கொண்டாள். ஜோடிக்காரிதான் அவள் கண்ணைப் பார்த்துப் பார்த்துச் சமாளித்தாள். வாரத்துக்கு ஒன்றிரண்டு விரிப்பு கோணலாகப் போய் மாட்டிக்கொண்டது.

இப்படி இருக்கும்போதுதான் அரசு வக்கீல் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. தண்டனை குறைவு என்று அரசே மேல்முறையீடு செய்யப்போகிறதாம், வந்து பார்க்கச் சொன்னார்களாம். போனாள். வழக்குக் கட்டுகளுக்கு நடுவே தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார் ஒரு வக்கீலம்மா. அவளைவிட வயதில் சின்னவர். வேகமாகப் பேசினார்.

"சின்ன வயசுங்கறதுக்காகக் கொஞ்சம் குறைக்கறது நியாயம்மா. நானே ஒத்துக்குவேன். ஆனா அவன் கோவத்துல அங்கேயே அடிக்கல. போயிட்டு, யோசிச்சு, ஸ்பேனரோட திரும்பி வந்திருக்கான். அதுக்கு மூணு வருஷம்னா, நாளைக்கு எவன் பயப்படுவான்? இதான் என் வாதம். குறுக்கே நிக்கறது ஒண்ணே ஒண்ணுதான். நீங்க சொன்ன அந்தச் சொல்லு." பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அன்னைக்கு என்ன அர்த்தத்துலம்மா போதும்னு சொன்னீங்க?"

இதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. என்ன அர்த்தம் என்று, அவளைக் கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. போதுமக்கா பேச ஆரம்பித்தாள். உருளை மெஷினிலிருந்து ஆரம்பித்தாள். டீயில் போய், சூப்பர்வைசரில் போய், இடது காதுக்கு வந்து, அங்கே நின்று, தண்ணீர் குடித்து, மறுபடி பேசினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து சேர்த்துவைத்த பேச்செல்லாம் அங்கே செலவாயிற்று. வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதை மூன்று வரியாக்கி, உறுதிமொழிப் பத்திரமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சலவைக்கூடத்தில் எந்தத் துணியும் அப்படிச் சுருங்கி அவள் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த மூன்று வரியில் உண்மை இருந்தது: நான் மன்னிக்கவில்லை. தண்டனையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. என்னால் அதற்கு மேல் நிற்க முடியாததால் அப்படிச் சொன்னேன்.

அன்று ராத்திரி புருஷனிடம் சொன்னாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், பல மாதம் கழித்து, ஒரு வாக்கியம் பேசினார்.

"மேல் கோர்ட்டு சொல்லட்டும். நீ அப்படிச் சொல்லலைன்னு அவங்க சொன்னா, நான் நம்பறேன்."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளை ஓட்டினாள். பையனுக்கு வருஷம் கூடுமா கூடாதா என்பதுகூட அவளுக்கு அடுத்தபடிதான். தன் சொல்லைத் தனக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைப் புருஷன் காதில் விழும்படி ஒரு நீதிபதி வாசிக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

மேல்முறையீட்டு நோட்டீஸ் அந்தப் பையன் வீட்டுக்கும் போயிருக்கிறது. ஒரு நாள் வேலை விட்டு வெளியே வந்தபோது, சலவைக்கூட வாசலில், அழுக்கு வண்டிகள் நிற்கிற இடத்தில், ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் பார்த்த முகம். அவனைப் பெற்றவள்.

"அன்னைக்கே வந்திருக்கணும், தைரியம் வரல" என்றாள் அவள். "உங்க வாயால ஒரு சொல்லு சொன்னீங்க. என் புள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்தீங்க. உங்களை நான் தெய்வமா…"

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"சொன்னீங்கக்கா. என் காதால கேட்டேன். அவன் உள்ள போனதுலேர்ந்து அந்தச் சொல்லை வச்சுத்தான் நான் சோறு திங்கறேன். இப்ப இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டீங்களாம். குடுத்ததைத் திருப்பி வாங்காதீங்கக்கா. அவன் செஞ்சது தப்புதான். ஆனா அவன் குழந்தை…"

"என்னோடதும் குழந்தைதான். மூடியைத் திருகிக்கிட்டு இருந்தான்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். போதுமக்காவுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இந்தப் பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கவாவது ஒரு முகம் இருக்கிறது. நன்றி சொல்ல வந்திருக்கிறாள், மகராசி! ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்களாகத்தான் இருப்பார்கள் என்று யார் சொன்னது? "வீட்டுக்குப் போம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அந்தச் சொல்லைத் திருப்பி வாங்குவதில்லை என்று அவள் வாக்குக் கொடுக்கவில்லை.

மேல் கோர்ட்டில் விசாரணை நடந்த அன்று அவளை யாரும் கூப்பிடவில்லை. அங்கே சாட்சியைக் கூப்பிடுகிற வழக்கம் இல்லையாம். காகிதத்தை வைத்துத்தான் பேச்சு. கடைசி வரிசையில் புருஷனோடு உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடைவெளி. 'போதும்' என்கிற சொல்லை எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவிதமாகச் சொன்னார், வக்கீலம்மா வேறுவிதமாகச் சொன்னார். உயரமான மேடையில் இருந்த இரண்டு நீதிபதிகளும் அதை வாயில் போட்டு மென்று பார்த்தார்கள். சொன்னவள் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தீர்ப்பு நாளும் வந்தது. இரண்டு நீதிபதிகளில் மூத்தவர் வாசித்தார். இளம் வயது தண்டனையைக் குறைக்க ஒரு காரணமே தவிர, குற்றத்தை இல்லாமல் ஆக்குகிற காரணம் அல்ல. விலகிப் போனவன் ஆயுதத்தோடு திரும்பி வந்திருக்கிறான். கீழ்க் கோர்ட்டு கொடுத்த தண்டனை போதுமானதல்ல. மூன்று வருஷம் எட்டு வருஷமாக உயர்த்தப்படுகிறது. முன்வரிசையில் அந்தப் பையனைப் பெற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு முன்பக்கம் சாய்ந்தாள். போதுமக்கா அவளைப் பார்க்கவில்லை. இன்னும் அவளுடைய சொல் வரவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். புருஷனும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்ததை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

நீதிபதி பக்கத்தைத் திருப்பினார். "இறந்தவரின் தாய் அந்தச் சொல்லை எந்தப் பொருளில் சொன்னார் என்பதைப் பற்றி இரு தரப்பும் நெடுநேரம் வாதிட்டன. அந்த ஆராய்ச்சிக்குள் இந்த நீதிமன்றம் போகத் தேவையில்லை. தண்டனை எவ்வளவு என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. பறிகொடுத்தவர் போதும் என்றாலும் போதாது என்றாலும், அதற்கு எடை கிடையாது."

வழக்குக் கட்டை மூடினார்கள். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஜெயிச்சுட்டோம்மா!"

"என் சொல்லு?" என்றாள்.

"அது தேவையே இல்லைன்னுட்டாங்க. நமக்கு அதுவும் நல்லதுதான். இனிமே எந்த ஜட்ஜும் ஒரு அம்மா தலையில பாரத்தைப் போட்டுட்டுத் தப்பிக்க முடியாது." அவருக்கு அடுத்த வழக்கு இருந்தது. தோளைத் தட்டிவிட்டுப் போனார். நல்ல பெண். அவர் சொன்னதும் சரியாகத்தான் இருக்கும், சட்டத்துக்கு.

கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை. புருஷன் இரண்டு டீ வாங்கினார். ஒன்றை அவள் கையில் கொடுத்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவர் கையிலிருந்து ஒரு பொருள் அவள் கைக்கு வந்து. முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எட்டு வருஷம். பரவாயில்ல, இந்த அளவுக்காவது சொன்னாங்களே." ஒரு வாய் குடித்தார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. நீ அன்னைக்கு என்னவோ மனசு இளகிச் சொல்லிட்டே. பொம்பள மனசு, அவன் மூஞ்சியப் பாத்ததும் இளகிடுச்சு. அந்தத் தப்பைக் கோர்ட்டே சரி பண்ணிடுச்சுல்ல? இனிமே அதைப் பேச வேணாம். நானும் மன்னிச்சுட்டேன்."

அவள் டீயைக் குடிக்கவில்லை. டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, உருளைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரலில் பேசினாள்.

"அவனை நான் மன்னிக்கவே இல்ல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. வீட்டுக்கு வந்து ரெண்டு தடவ சொன்னேன். நீங்க பேப்பரை எடுத்துப் போட்டீங்க. அவனுக்காவது எட்டு வருஷம்னு சொல்லிட்டாங்க, ஒரு நாள் முடிஞ்சுடும். உங்களுக்கு எத்தனைன்னு நான் இன்னும் முடிவு பண்ணல."